கத்தி படாத பாத்தி

"அக்கா, உங்க பூ நாறுது."

பூக்கடைக்காரி போனில் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, ஒன்றும் கிடையாது. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நாங்கள் வளர்ப்பது காலா லில்லி. மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தாலும் வாசனை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போடலாம். அதைப் போய் நாறுகிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"வாளித் தண்ணிய மாத்துனியா இல்லையா?" என்றேன்.

"மாத்தி மாத்தி ஊத்திட்டேன்க்கா. கல்யாண மண்டபத்துல மேஜைக்கு மேஜை உங்க வெள்ளப் பூதான். அடித்தண்டெல்லாம் கூழாப் போயி, பொண்ணு வீட்டுக்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பக்கத்துல தூய்மையின் அடையாளம்னு நான் அட்டை வேற எழுதி வச்சிருந்தேன். என் மானம் கப்பலேறிப் போச்சு."

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற வெள்ளை லில்லியில் 'தூய்மையின் அடையாளம்' என்று அட்டை கட்டுவாள். சாவு வீட்டுக்குப் போகிற வெள்ளை லில்லியில் 'மண்ணுக்குள் போனாலும் மறுபடி முளைக்கும்' என்று கட்டுவாள். ஒரே பாத்தி, ஒரே காலையில் பறித்தது, ஒரே வாளி. அட்டைதான் வேறு. ஒருநாள் நான் அவளிடம், "அந்த வெள்ளையா இருக்கறது பூவே இல்ல தெரியுமா, அது ஒரு இலை. கூம்பு மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்குது. உள்ள மஞ்சளா ஒரு குச்சி இருக்கே, அதுலதான் பூ" என்று சொன்னேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அக்கா, சத்தியமா இத வெளிய சொல்லிடாதீங்க, யாவாரம் படுத்துடும்" என்றாள்.

அன்றைக்கு அவளைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேனே தவிர, அவள் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் தொழிலில் நாற்றம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிழங்கழுகல்.

லில்லி விதையில் வருவதில்லை எங்களுக்கு, கிழங்கில் வருகிறது. அழுகல் வந்தால் மண்ணுக்குள் கிழங்கு கூழாகும். மேலே செடி பூவும் இலையுமாக ஜம்மென்று நிற்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் குடிகாரன் மாதிரி சாய்ந்து கிடக்கும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. தோண்டி, மண்ணோடு தூரமாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு அது தானாக நடந்து போகாது. தண்ணீர் தேங்கினால் போகும். இல்லாவிட்டால் கத்தியில் ஏறிப் போகும்.

அதனால் லில்லியை வெட்டவே கூடாது, பிடுங்க வேண்டும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு நடுவில் முறியும். கையை வழுக்கிக்கொண்டே அடிவரைக்கும் இறக்கி, மண்ணைத் தொடுகிற இடத்தில் பிடித்து, லேசாகத் திருகி, வெடுக்கென்று ஒரு இழுப்பு. பொளக் என்று ஒரு சத்தத்தோடு கிழங்கை விட்டு வரும். அடியில் கொஞ்சம் வெளேரென்று இருக்கும், அதுதான் ஒழுங்காக வந்ததற்கு அடையாளம். எனக்கு இது கடைசிவரை கைவரவில்லை. பத்துக்கு நாலு முறித்துவிடுவேன். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய கேலி.

இதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. மார்க்கெட்டில் அவருக்குக் குறடு என்றுதான் பெயர். பிடித்தால் விடாது, இழுத்தால் வராமல் இருக்காது. ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்தவன் பாத்திக்குள் கத்தியோடு இறங்கிவிட்டான். இவர் அதைப் பிடுங்கிக் கிணற்றில் வீசினார். அவனையும் சேர்த்து வீசியிருப்பார், நான் குறுக்கே போய் நின்றதால் அவன் பிழைத்தான்.

எங்கள் வீட்டில் வேலை மூன்றாகப் பிரிந்திருந்தது. இவர் விடியற்காலையில் பறிப்பார். இவருடைய தங்கை, என் நாத்தனார், கொட்டகையில் பூவைத் தரம் பிரித்து, அடித்தண்டை ஒரே மட்டமாக நறுக்கிக் கட்டுவாள். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டவள். மத்தியானம் அவசரமாக ஆர்டர் வந்தால் அவளும் இறங்கிப் பறிப்பாள். கடைகளோடு பேசுவது, வண்டிக்காரனோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் இலாகா. பேச்சுக்கு எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை. அண்ணனும் தங்கையும் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர்கள்.

போனை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். நிழல்வலைக்குக் கீழே வண்ண லில்லிப் பாத்திகள் இரண்டில் செடிகள் சாய்ந்திருந்தன. அது புதிதில்லை. மஞ்சளும் சிவப்பும் சீக்கு வாங்கவே பிறந்தவை. அடுத்தது வெள்ளை. வெள்ளைக்கு அவ்வளவு சீக்கிரத்தில் அழுகல் வராது, கெட்டி உயிர். அங்கேயும் ஒரு வரிசை சாய்ந்திருந்தது. வாய்க்காலை ஒட்டிய கடைசிப் பாத்திக்கு ஓடினேன்.

அதுதான் தாய்ப் பாத்தி. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், தோட்டத்தை மூடிவிட்டுப் போன ஒருவர் கொடுத்த ஒரு சாக்குக் கிழங்கிலிருந்து வந்தது. எங்கள் மற்ற வெள்ளைப் பாத்தி எல்லாம் இதிலிருந்து பிரித்து நட்டவைதான். மற்றது எது போனாலும் இதிலிருந்து மறுபடி பிரித்து நட்டுக்கொள்ளலாம். இது போனால் எங்களிடம் ஒன்றும் இல்லை, வலையும் கிணறும்தான் மிச்சம். அதன் நடுவில் மூன்று செடிகள் பூவோடு மண்ணில் முகம் குப்புறக் கிடந்தன.

குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். சாய்ந்த செடியிலும் சாயாத செடியிலும் மண்ணுக்கு மேலே குட்டை குட்டையாக அடித்தண்டு நின்றது. பிடுங்கிய செடியில் அப்படிக் குட்டை நிற்காது, குழிதான் இருக்கும். நகத்தால் தொட்டேன், கூழாக வழிந்தது. குடலைப் பிரட்டுகிற நாற்றம். யாரோ வெட்டியிருக்கிறார்கள். தாய்ப் பாத்தியில் கத்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் அழுகல் எப்படி ஏறியது என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

வாய்க்கால் மூலையில் மட்டும் ஒரு கொத்துச் செடி நன்றாக நின்றது. அதில் பூவைப் பறிக்கவே இல்லை. வெள்ளை லில்லியைப் பறிக்காமல் விட்டால் மெல்ல மெல்லப் பச்சையாகிவிடும். இலையாக இருந்தது திரும்ப இலையாகவே போகும், விலைக்கு ஆகாது. அந்த மூலையில் எல்லாமே பச்சை பிடித்து நின்றன. போன வாரம்கூட நான் இவரிடம், "அந்த மூலையில கண்ணு தெரியலையா உங்களுக்கு, அத்தன பூவும் வீணாகுதே" என்று சத்தம் போட்டேன். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

யார் வெட்டினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொட்டகையில் கத்தி வைத்திருப்பவள் ஒருத்திதான். நகக்கண் வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது என்று மத்தியானப் பறிப்புக்குப் போகும்போதெல்லாம் முனகுபவளும் அவள்தான். "வெட்டினா சட்டுனு முடிஞ்சிரும்ல அண்ணி" என்று ஒருமுறை சொன்னதையும் நான் மறக்கவில்லை.

கொட்டகைக்குப் போனேன். நாத்தனார் ஈரக் கையோடு பூவை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் நறுக்குற கத்தி எங்க?" என்றேன்.

மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேஜையில் கத்தி இல்லை. "இங்கதான் எங்கயாவது இருக்கும் அண்ணி."

"எங்கயாவது இல்ல. தாய்ப் பாத்தியில இருக்கு. நேரா கிழங்கு வரைக்கும் இறங்கியிருக்கு. வெட்டினியா?"

"நான் வெட்டல."

"அப்ப யாரு, கிணத்துத் தவளை வந்து வெட்டிட்டுப் போச்சா? அங்க போயி பாரு, மூணு செடி செத்துக் கிடக்கு. நாளைக்கு முப்பது ஆகும். சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நிக்கிறியே, உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

நான் விடவில்லை. ஊமைக்கோட்டான் என்றேன், நன்றி கெட்டவள் என்றேன், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கையிலிருந்த பூவைக் கீழே வைக்கக்கூட இல்லை. கடைசியில், "உங்கண்ணன் வரட்டும். கத்திய வீசுனவரு உன்னையும் தூக்கி வீசட்டும்" என்றேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி. உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

இதற்கு மேல் என்ன வாக்குமூலம் வேண்டும்? குற்றவாளியே ஒப்புக்கொண்ட மாதிரி எனக்கு ஆகிவிட்டது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்து, இவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்று ஒரு வெறி. கெஞ்சினால் இளகிவிடுவார், தங்கை என்றால் உருகுகிற மனுஷன். அன்று சாயங்காலம் இவரிடம் நான் மூச்சு விடவில்லை. அவர் பெரிய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் காப்பி குடித்தார். வலது கையில் மருந்து தடவித் துணி சுற்றியிருந்தார். லில்லித் தண்டின் பால் பட்டு அரிக்கிறது என்று கொஞ்ச காலமாகவே அப்படித்தான். தோட்டத்தில் கையுறை போடுகிறார், அதுவும் புதுசு. கையுறை போடுங்கள் என்று காலமெல்லாம் நான் கத்தியும் கேட்காதவர் கடைசியில் கேட்டுவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இன்னொன்றும் செய்துகொண்டிருந்தார். பூவைத் தோட்டத்திலேயே அடி நறுக்கிக் கொண்டுவந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்" என்றார். கட்டிய நாளிலிருந்து எனக்கு ஒரு வேலையும் மிச்சம் பிடித்துக் கொடுக்காத மனுஷன் இப்படிச் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும், சந்தோஷம்தானே வரும்.

மறுநாள் விடிகிற நேரத்தில் எருக்குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து தாய்ப் பாத்தி முழுதும் தெரியும். நாத்தனார் வருவாள், கத்தியை எடுப்பாள், ஒரே பாய்ச்சலாகப் போய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கால் வலித்தது. கொசு வேறு.

இவர்தான் வந்தார். சரி, பறிக்க வந்திருக்கிறார், இவர் போன பிறகு அவள் வருவாள் என்று நினைத்தேன். தோளில் பை. இடுப்பில் சின்னத் தகர டப்பா ஒன்று கம்பியில் தொங்கியது. அது எதற்கென்று புரியவில்லை. பாத்திக்குள் இறங்கி ஒரு பூவின் முன்னால் குனிந்தார். கையை வழுக்கிக்கொண்டே அடிவரை இறக்கினார். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த குனிவு. பொளக் சத்தத்துக்காக என் காதே காத்திருந்தது.

சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தார். கை வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. இடது கையையும் சேர்த்துப் பிடித்தார். காலை அகட்டி வைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். ஒரு பூவுக்கு. தண்டு வளைந்ததே தவிர வரவில்லை. நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு வீட்டுப் பக்கம் பார்த்தார், கொட்டகைப் பக்கம் பார்த்தார், திருடன் பார்க்கிற மாதிரி. பைக்குள் கையை விட்டார்.

நாத்தனாருடைய கத்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எருக்குவியலுக்குப் பின்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியை இடது கையில் பிடித்து அந்தத் தகர டப்பாவில் முக்கி எடுத்தார், தண்டின் அடியில் வைத்து அறுத்தார். மறுபடி முக்கினார், அடுத்த தண்டுக்குப் போனார். கத்தியைக் கிணற்றில் வீசிய அதே மனுஷன். ஒருவேளை நான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனோ, இது கெட்ட கனவோ என்றுகூட நினைத்தேன். கொசு கடித்தது உண்மையாக இருந்தது.

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கத்தி நழுவிச் சேற்றில் விழுந்தது. சட்டென்று குனிந்து எடுக்கப் போனார், வலது கையால். விரல்கள் கத்தியின் பிடியைத் தொட்டன. தொட்டன, அவ்வளவுதான். மூடவில்லை. சேற்றில் பிராண்டின. மறுபடி தொட்டன. ஒரு கத்தியை, நம் வீட்டில் காய் நறுக்குகிற அளவுக் கத்தியை, அவரால் எடுக்க முடியவில்லை.

"கையுறையக் கழட்டுங்க" என்றேன்.

"வேணாம்."

நானே கையைப் பிடித்து உருவினேன். உள்ளே சுற்றியிருந்த துணியையும் பிரித்தேன். அரிப்பும் இல்லை, புண்ணும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக, கல் மாதிரி ஒரு சதை இருக்கும் அவருக்கு. அந்த இடத்தில் பள்ளம். தோல் எலும்போடு ஒட்டிக்கிடந்தது. புறங்கையில் எலும்புகளுக்கு நடுவில் வாய்க்கால் வெட்டிய மாதிரி குழிகள். பக்கத்தில் படுத்து எழுந்த பெண்டாட்டி நான். இந்தக் கையை எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்!

"எப்பலேருந்து?"

"போன பூவுக்கு முந்தின பூவுலேருந்து." நாங்கள் காலத்தை அப்படித்தான் சொல்வோம், பூக்கிற பருவத்தை வைத்து.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவ."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பயந்துவிட்டார். "கத்தேன்" என்றார். "ஏதாவது கத்தித் தொலையேன். இப்படி நிக்காத."

எனக்குக் கத்த வரவில்லை.

"ஒவ்வொரு தண்டுக்கும் பிளீச்சிங் தண்ணியில முக்கித்தான் வெட்டுனேன்" என்றார். "ஒண்ணுக்குக்கூட முக்காம வைக்கல. எப்படி ஏறுச்சுன்னு தெரியல."

டப்பாவைக் கழற்றி மோந்து பார்த்தேன். பிளீச்சிங் வாடையே இல்லை. சேறும் தண்டுப் பாலும் கலந்த பழுப்புத் தண்ணீர். நாலு தடவை முக்கினால் அந்த மருந்து செத்துப்போகும், பெரிய வாளி நிறைய வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். அதற்குப் பிறகு அது மருந்தில்லை, அழுகல் ரசம். முக்கி முக்கி ஒவ்வொரு செடிக்கும் அவரே ஊட்டியிருக்கிறார்.

"வாளி எங்க?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "தூக்க முடியல" என்றார்.

பின்னால் காலடிச் சத்தம். நாத்தனார் ஓடிவந்து கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு இடி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார், கத்தியைக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நேத்து அத்தன பேச்சு பேசுனேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. உங்க தலைமேல அடிச்சு."

என் தலைமேலேயே சத்தியம் வாங்கி என்னிடமே மறைத்திருக்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் இதற்கே ஒரு மகாபாரதம் நடத்தியிருப்பேன். அன்றைக்கு அவள் கையைப் பிடித்து இழுத்து என்னோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று பேரும் அழுகின செடிகளுக்கு நடுவில் அப்படியே நின்றோம்.

அன்றே டாக்டரிடம் போனோம். சின்ன அறை. மேஜையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் பிளாஸ்டிக் காலா லில்லி, தூசி படிந்து நின்றது. எங்கே போனாலும் இந்தப் பூ விடாது போலிருக்கிறது. நடுவிலிருக்கும் குச்சியைப் பச்சையாகச் செய்திருந்தார்கள், மடையர்கள். இவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தன்னுடைய இரண்டு விரல்களை நீட்டினார். "நல்லா அமுக்கிப் பிடிங்க."

இவர் பிடித்தார்.

"இன்னும் அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்" என்றார் இவர்.

"பலமா அமுக்குங்க."

"பலமாத்தான் அமுக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் விரல்களைச் சும்மா வெளியே எடுத்துக்கொண்டார். ஒரு பழத்துண்டு வாயிலிருந்து நழுவுகிற மாதிரி வந்துவிட்டன. என் பக்கம் திரும்பி, "நீங்கதான் வீட்டுக்காரம்மாவா? போன தடவையே குடும்பத்துல யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனே" என்றார். போன தடவை என்று ஒன்று இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் வந்து, எனக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து இரண்டு கையாலும் காப்பி குடித்திருக்கிறார்.

டாக்டர் நிதானமாக, நல்லபடியாகத்தான் சொன்னார். தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது. கையோடு நிற்காது, மெல்ல மேலே ஏறும். வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, நிறுத்த மருந்து கிடையாது.

வந்த செடிக்கு மருந்து கிடையாது என்று இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு டாக்டர் பேசியதில் வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

"முதல்ல தாய்ப் பாத்திய எடுத்தாகணும்" என்றார் இவர், வெளியே வந்ததும்.

திரும்பி வந்து அன்றே தோண்ட ஆரம்பித்தோம். அவர் பூப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தார். நானும் நாத்தனாரும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். மண்வெட்டி போகிற இடமெல்லாம் கூழ். நட்டபோது கல் மாதிரி இருந்த கிழங்குகள் கையில் எடுத்தால் விரல் வழியாக ஒழுகின. ஒரு வரிசை முடிந்தது, நல்லது ஒன்றில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு சாக்கையும் கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கத் துணிச்சலில்லாமல் மண்ணையே பார்த்துக்கொண்டு கட்டினேன்.

வாய்க்கால் மூலைக்கு வந்தோம். பச்சை பிடித்த பூக்களோடு நிற்கிற அந்தக் கொத்து. அடியில் கையை விட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. பக்கத்துச் செடி, அதுவும் கெட்டி. குட்டைத் தண்டு ஒன்றுகூட இல்லை, நாற்றம் இல்லை. மூலை முழுவதும் சுத்தமாக இருந்தது.

நாத்தனார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அது அந்த மொத சாக்குக் கிழங்கு" என்றார். "நீயும் நானும் நட்டது. தினமும் வந்து இழுத்துப் பாப்பேன். வராது. அதுல மட்டும் கத்தி வைக்க மனசு வரல."

அத்தனை பூவும் வீணாகுதே, கண்ணு தெரியலையா என்று நான் கத்தியது இதற்குத்தான். எனக்கு அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. அழுதேன். நாத்தனார் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து என் முதுகைத் தடவினாள். அவளிடம் முந்தின நாள் பேசியதற்கெல்லாம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "போங்க அண்ணி, நீங்க திட்டாம இருந்தாத்தான் பயமா இருக்கு" என்றாள்.

"கிழங்க வேற எடத்துக்கு மாத்தணும்" என்றார் இவர். "பூவோட எடுக்காத. மொதல்ல பூவ எல்லாம் இழு."

"நானா? பத்துக்கு நாலு முறிப்பேனே."

"வேற யாரு இருக்கா?"

நாத்தனாருடைய உள்ளங்கை மண்வெட்டி பிடித்துக் கொப்புளமாகிக் கிடந்தது. நான்தான் குனிந்தேன். முதல் தண்டு நடுவில் படக்கென்று முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். மூன்றாவதைப் பிடித்தேன். "கீழ" என்றார். இறக்கினேன். "இன்னும் கீழ." எனக்குக் கண்ணும் தெரியவில்லை.

பெட்டியிலிருந்து எழுந்து வந்தார். என் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி என் கைமேல் வைத்தார். அது பிடிக்கவில்லை. ஈரத்துணியைப் போட்ட மாதிரி கிடந்தது. குறடு என்று மார்க்கெட்டே கூப்பிட்ட கை.

"இங்க" என்றார். "இப்ப லேசாத் திருகு. பயப்படாத. இழு."

பொளக் என்று வந்தது. அடியில் வெளேரென்று இருந்தது.

அவர் அந்தத் தண்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இழுத்தேனா?" என்றார். கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"பின்ன யாரு? நீங்கதான்" என்றேன். அவர் கையை எடுத்து என் கைமேல் மறுபடி வைத்துக்கொண்டு அடுத்த தண்டுக்குக் குனிந்தேன்.